மூடிக்குள் ஒட்டிய சீட்டு

"நடுவுல ஒரு சாம்பல் பக்கம் வந்து நிக்கும். 'இந்தத் தளம் பாதுகாப்பானது இல்லை'ன்னு மிரட்டும். கண்டுக்காதீங்க, அது என் சைட்டுதான். கீழே சின்னதா ஒரு வழி இருக்கும், தைரியமா உள்ள போங்க."

"அப்போ அது சொல்றது பொய்யா?"

"பொய் இல்ல முதலாளியம்மா, என் சோம்பேறித்தனம். வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டிய சான்றிதழ் ஒண்ணு இருக்கு. விட்டுட்டேன்."

சொன்னவர் ஊசி டாக்டர். எம்பிராய்டரி மெஷின் மெக்கானிக்குக் கடையில் வைத்த பட்டப்பெயர் அது. கேட்டவள் கடைக்காரி. மூன்று வருஷத்துக்கு முந்தைய அந்தப் பேச்சு இன்று மத்தியானம் அவளுக்கு வரி பிசகாமல் நினைவுக்கு வந்தது.

கடையின் பழைய கம்ப்யூட்டர் நேற்று கண்ணை மூடிவிட்டது. புதிது வந்தாயிற்று. ஆனால் மெஷினுக்கு டிசைனை அனுப்பும் மென்பொருள் அதில் இல்லை. அதைச் செய்த கம்பெனியே இப்போது இல்லை. டாக்டர் தன் வாடிக்கையாளர்களுக்காக அதைப் போட்டு வைத்திருக்கும் இணையதளம் ஒன்றுதான் கதி. நாளை மறுநாள் ஓட்டப் பந்தயம். அதில் ஓடுகிறவர்களுக்கான அறுபது சட்டைகளில் முத்திரை ஏறியாக வேண்டும்.

தளத்தைத் திறந்தாள். எச்சரிக்கைப் பக்கம் வந்தது. ஆனால் சாம்பலாக இல்லை. திரை முழுக்க ஒரே சிவப்பு.

"அண்ணி, என்ன யோசனை? அழுத்துங்க," என்றாள் பாபினில் நூல் சுற்றிக்கொண்டிருந்த தம்பி மனைவி. "அதான் அவரே அன்னிக்குத் தைரியம் சொல்லிட்டாரே."

"அவர் சொன்னது சாம்பல். இது சிவப்பு."

"எந்தக் கலரா இருந்தா என்ன? எச்சரிக்கை எச்சரிக்கைதானே."

"செங்கல் சிவப்பு கேட்டவங்களுக்கு மிளகாய்ச் சிவப்பு போட்டுட்டு நீ வாங்கின திட்டு மறந்து போச்சா? கலர் மாறினா சங்கதியும் மாறும்மா."

எழுத்துக் கூட்டாத குறையாக நிதானமாகப் படித்தாள். கணினியில் தீங்கான மென்பொருளை இந்தத் தளம் நிறுவ முயலலாம் என்றிருந்தது. பழைய பக்கம் பூட்டு சரியில்லை என்றது. இதுவோ உள்ளே திருடன் இருக்கிறான் என்கிறது.

"அப்போ போனைப் போட்டு அவரையே கேளுங்க."

அங்கேதான் இடித்தது. 'உங்க சைட்டுல வில்லங்கம் ஏதாவது இருக்கா' என்று ஒரு மனுஷனிடம் எப்படிக் கேட்பது? அதுவும் இந்த மனுஷனிடம்! ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வருவார். அவளைப் போலவே அவரும் ஒண்டிக்கட்டை. நாலு மணி பஸ்ஸுக்குப் பையை மூடுவார். அப்போதெல்லாம் அவள் தொண்டை வரை ஒரு வாக்கியம் வந்து நிற்கும். அதை விழுங்கிவிட்டு, "இன்னொரு டீ?" என்பாள். இன்று சந்தேகப்பட்டுக் கேட்டுவிட்டால், பிறகு என்றைக்காவது அந்த வாக்கியத்துக்கு இடம் இருக்குமா?

கேட்காமல் அழுத்தினால்? பதினோரு வருஷத்து டிசைன்கள் அடங்கிய பென் டிரைவ் கம்ப்யூட்டரில் செருகியே இருந்தது. முதல் வேலையாக அதைப் பிடுங்கினாள். அப்புறம் போனை எடுத்தாள்.

"டாக்டர், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க சைட்டு சிவப்பா வருது. முழுச் சிவப்பு."

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"ஃபைலை இறக்கிட்டீங்களா?"

"இல்ல. உங்களைக் கேட்டுட்டுச் செய்யலாம்னு..."

"அப்பாடா! ஒண்ணையும் தொடாதீங்க. மெஷின் மூடியைத் திறங்க, உள்பக்கம் நான் ஒட்டின சீட்டு இருக்கா?"

இருந்தது. கோழி கிண்டியது போன்ற கையெழுத்தில், எண்ணும் எழுத்தும் கலந்து நீளமாக ஒரு வரிசை. வாரண்டி நம்பர் என்று நினைத்திருந்தாள். சங்கேத மொழியில் காதல் கடிதம் என்பது தம்பி மனைவியின் கட்சி.

"அது அந்த மென்பொருள் ஃபைலோட கைரேகை மாதிரி. உள்ள ஒரு புள்ளி மாறினாலும் வரிசையே வேற ஆயிடும். இப்ப சைட்டுல இருக்கிற ஃபைலோட கைரேகையை நான் இங்க எடுத்துப் படிக்கிறேன், நீங்க சீட்டைப் பாருங்க." விசைகள் தட்டும் சத்தம் கேட்டது. "நாலு, ஏ, ஏழு..."

"இல்லங்க. இங்க ஒன்பதுல ஆரம்பிக்குது."

"ஒன்பதா?"

"ஒன்பது, சி, ரெண்டு."

நீண்ட பெருமூச்சு வந்தது. "யாரோ உள்ள புகுந்து ஃபைலையே மாத்தியிருக்காங்க. என் தப்பு. பூட்டாம விட்டதும் நான், பயப்படாம போங்கன்னு உங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததும் நான். நீங்க மட்டும் கேக்காம இருந்திருந்தா..."

"கோவம் இல்லையே?"

"கோவமா? என்னை நம்பினதாலதானே என்கிட்டயே கேட்டீங்க."

அவள் சீட்டின் மேல் விரலை வைத்தாள். மூன்று வருஷமாக மூடிக்குள்ளேயே ஒட்டியிருந்திருக்கிறது, அவர் வார்த்தையையே சோதித்துப் பார்க்க அவரே எழுதிக் கொடுத்த சீட்டு.

"சைட்டை இப்பவே மூடிடறேன், மத்தவங்களுக்கும் போன் பண்ணணும்," என்றார். "அசல் ஃபைல் தனியா என்கிட்ட பத்திரமா இருக்கு. காலையில முதல் பஸ்ல கொண்டு வரேன். மத்தியானத்துக்குள்ள மெஷின் ஓடும், சட்டைக்கு நான் பொறுப்பு. வேலையை முடிச்சிட்டு நாலு மணி பஸ்ல கிளம்பிடுவேன்."

பாபின் சுற்றும் சத்தம் நின்றது. தம்பி மனைவி காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். இருக்கட்டும், கேட்டால் கேட்டுக்கொள்ளட்டும்.

"நாலு மணி பஸ் வேண்டாம்," என்றாள் அவள். "நாளைக்கு மட்டும் சொல்லலைங்க. இங்கயே, என்னோடவே இருந்துடுங்களேன்."