ஐந்தாம் நாள், மருந்துக்கடை வரிசை

...இன்னும் நான்கு கார்கள், காரில் இருந்தபடியே மருந்து வாங்கும் ஜன்னலை அடைவதற்குள் அனுமதி வந்துவிட்டால் சரி, வராவிட்டால் இந்த மாதமும் போயிற்று. டெல்ஃபினா மடியில் கவிழ்த்து வைத்திருந்த போனைத் தொட்டாள், திருப்பவில்லை. மாதவிலக்கின் ஐந்தாம் நாளுக்குள் முதல் மாத்திரையை விழுங்கிவிட வேண்டும் என்றிருந்தார் டாக்டர், இன்றுதான் ஐந்தாம் நாள், கடை ஏழு மணிக்கு மூடிவிடும், இப்போதே ஆறு முப்பத்தைந்து. கருமுட்டை வளர்வதற்கு ஐந்தே ஐந்து மாத்திரைகள், ஃபிளாக்ஸ்டாஃப் ஊரில் வேறு எந்தப் பெண்ணும் சீட்டைக் காட்டி வாங்கிப் போகலாம், பத்தாயிரம் மீட்டர் ஓடுகிறவள் மட்டும் கூடாது... எங்கோ ஸ்டீராய்டு ஏற்றிக்கொண்ட ஆண்கள் இதையும் சேர்த்து விழுங்கினார்களாம், அதனால் ஓடுகிற எல்லோருக்கும் வருடம் முழுக்கத் தடை. ஊக்கமருந்துத் தடுப்புக் குழுவின் மூன்று டாக்டர்கள் முன்அனுமதி தர வேண்டும், அது வராமல் வாங்கிக் கைப்பையில் வைத்திருந்தாலே குற்றம். விழுங்கி மாட்டினால் இரண்டு வருடம் ஓட முடியாது, முப்பத்தைந்து வயதில் இரண்டு வருடம் என்றால்... என்ன மிச்சம் இருக்கும்?

விண்ணப்பம் பதினெட்டுப் பக்கம். அவளுடைய ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, போதாததற்குக் கணவனின் விந்துப் பரிசோதனையும் வேண்டுமாம். இதை எப்படி அவனிடம் கேட்பது என்று அவள் இரண்டு நாள் தவித்தாள், கிளென்னோ சமையலறை மேசையில் அந்தத் தாளை விரித்து வைத்துக்கொண்டு, "என் மார்க் ஷீட்ட மூணு டாக்டர் உக்காந்து படிக்கப் போறாங்க டெல்ஃபி. நல்லா நீந்துதுன்னு வேற போட்டிருக்கு. நம்ம வீட்டுல மெடல் எனக்குத்தான் போல" என்றான். சிரித்தாள், அப்புறம் குளியலறைக்குப் போய் அழுதாள், ஏன் அழுதாள்? மூன்று வருடமாக அவள்தானே தள்ளிப்போட்டாள், இந்தப் பந்தயம் முடியட்டும், அடுத்த தகுதிச்சுற்று முடியட்டும்... ஒவ்வொரு தடவையும் அவன் சொன்னது "சரி" மட்டும்தான். காலியாகக் கிடந்த அந்தச் சின்ன அறையில் அவளுடைய ஷூ பெட்டிகளை அளவு பார்த்து அடுக்கி வைத்தான்.

இன்னும் இரண்டு கார்கள். ஸ்டியரிங் பிடித்திருந்த கிளென் எட்டிப் பார்த்தான். "ஜன்னல்ல யாருன்னு பாத்தியா? எட்டாவதுல என்கிட்ட படிச்ச பொண்ணு. ரெண்டு மைக்ராஸ்கோப்ப உடைச்சவ. மாத்திரைய எண்ணிப் பாத்து வாங்கு."

"நீங்க வாய மூடிட்டு வண்டிய ஓட்டுங்க, சார்."

அப்போதுதான் போன் அதிர்ந்தது, மடியில் ஒரு சின்ன நடுக்கம்... திருப்பினாள். அனுமதி வழங்கப்பட்டது, இன்று முதல் ஓராண்டுக்கு. அவ்வளவுதான், ஒரே வரி. சந்தோஷம் வருமென்று காத்திருந்தாள், வரவில்லை, இத்தனை நாள் இந்த அனுமதிக்காகத்தானே... மறுத்திருந்தால் மூன்று டாக்டர்கள் மேல் பழியைப் போட்டிருக்கலாம், விதி மேல் போட்டிருக்கலாம், இனி ஒன்றும் உண்டாகாமல் போனால் அது அவள் உடம்புதான், எவ்வளவு தூரம் சொன்னாலும் ஓடிய இதே உடம்பு. சொல்ல வேண்டும், இதோ பக்கத்தில்தான் இருக்கிறான்... போனை மறுபடியும் கவிழ்த்து வைத்தாள்.

முன்னால் நின்ற கார் நகர்ந்தது. கிளென் நகரவில்லை. பக்கவாட்டிலிருந்து மூக்கை நுழைத்த ஒரு பழைய பிக்கப் வண்டிக்குக் கையை ஆட்டி, முன்னால் போகச் சொன்னான். குறுக்கே வருகிறவர்களைத் திட்டித் தீர்க்கும் கிளென். போன் அதிர்ந்தது அவனுக்கும் கேட்டிருக்கும், ஆனாலும் நேராகவே பார்த்துக்கொண்டிருக்கிறான்... அவளுக்காகவா இந்த அவகாசம், தனக்காகவா? அத்தனை "சரி"யும் பொறுமை என்றல்லவா நினைத்திருந்தாள், ஒரு தடவையாவது கேட்டிருக்கிறாளா, உனக்கு பயமா இருக்கா என்று?

அவன் கையைத் தொட்டாள். சில்லென்று இருந்தது.

"பின்னாடி வேற யாராவது வராங்களா பாரு, விட்ரலாம்" என்றான்.

கண்ணாடியில் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை.