ரொட்டி தனி, தேத்தண்ணி தனி

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பாக்கியலெட்சுமிக்கு மலை ஏறினால் மூச்சு வாங்கும், இறங்கினால் முழங்கால் கெஞ்சும். சீனி வருத்தத்துக்கு இன்சுலின் ஊசி போட்டும் பலனில்லை. பண்டாரவளை கிளினிக்கில் டாக்டர் ஆர்த்திகா, இரைப்பையைச் சின்னதாக்கும் ஒப்பரேஷனைப் பற்றி விளக்கமாகச் சொன்னார்.

"செய்தால் நிறை குறையும், சீனியும் அநேகமாக் கட்டுக்குள்ள வரும். ஆனால் தைச்ச இடம் கசியலாம், இரத்தம் போகலாம். எப்பவாவது ஒருத்தருக்குத்தான், எண்டாலும் உயிராபத்தும் உண்டு. ஆயுசுக்கும் விற்றமின் குளிசை போடவேணும். கொஞ்சமா, ஆறுதலா மெண்டு சாப்பிடவேணும். சாப்பாட்டோட தேத்தண்ணி கூடாது. யோசிச்சு அடுத்த முறை சொல்லுங்கோ."

கத்தியைவிட அந்தச் சாப்பாட்டுப் பேச்சுத்தான் அவளைக் கலக்கியது. மலையில் தேத்தண்ணி நேரம் கண்மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும். பெண்கள் எல்லாருடைய ரொட்டியையும் ஒன்றாக வைத்து, பிய்த்து, தேத்தண்ணியோடு விழுங்கிவிட்டுக் கொழுந்துக்கு ஓடுவார்கள். பகல் கொழுந்து நிறுக்கும் வரை அதுதான் தாங்கும். ஒப்பரேஷன் செய்து, தெம்பில்லாமல் வேலையும் போய்விட்டால், மெலிந்து என்ன செய்ய?

டாக்டர் சொன்னபடி சாப்பிட்டுப் பார்த்தால்தான் தெரியும் என்று, யாரிடமும் சொல்லாமல் மறுநாளே தொடங்கினாள். ரொட்டியில் ஒரு கிள்ளு. தேத்தண்ணியைத் தொடவேயில்லை.

இரண்டு நாள் பொறுத்தாள் பக்கத்து நிரையில் பறிக்கும் யோகமலர். பிறகு வெடித்தாள்.

"ஏன்டி லெச்சுமி, என் ரொட்டி கசக்குதா? உன் நெரையில ரெண்டு செடியில தெரியாமக் கொழுந்து பறிச்சிட்டேன். அதுக்குப் போயி சோத்துல கோவத்தக் காட்டுறியே!"

"அடிப்பாவி, நீதானா அது? எனக்கு இப்பத்தானே தெரியுது!"

யோகமலர் நாக்கைக் கடித்துக்கொண்டாள். மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இனி மறைத்துப் பலனில்லை என்று பாக்கியலெட்சுமி எல்லாவற்றையும் சொன்னாள். பகலாகுமுன் கை நடுங்கி, கண் இருட்டுவதையும் சொன்னாள்.

"அப்ப அந்த ஒப்பரேஷன் ஒனக்குச் சரிவராது" என்றாள் யோகமலர். "எதுக்கும் டாக்டரம்மாட்ட கேட்டுப் பாரு."

அடுத்த முறை கிளினிக்கில் அதைச் சொன்னதும் டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஊசியையும் போட்டுக்கொண்டு சாப்பாட்டையும் குறைச்சால் சீனி விழும். மயங்கத்தானே செய்வீங்கள்! மலையில விழுந்திருந்தால்? ஒப்பரேஷன் செய்தால் ஊசியை நாங்கள் பாத்துக் குறைப்பம். ஒரு நாளைக்கு நாலைஞ்சு தரம் கொஞ்சங் கொஞ்சமாச் சாப்பிடலாம்."

"கொழுந்து தூக்கலாமாங்க?"

"உடன தூக்கேலாது. கொஞ்ச நாள் பாரமில்லாத வேலை குடுக்கச் சொல்லி எழுதித் தாறன். பிறகு தூக்கலாம். ஆனால் நான் சொன்ன ஆபத்து ஒண்டும் இல்லாமப் போகேல்லை."

பாக்கியலெட்சுமி தன் முழங்காலைத் தடவிக்கொண்டாள்.

"பயமாத்தாங்க இருக்கு. ஆனா இப்பவும் தெனம் பயந்துகிட்டுத்தானே மலை எறங்குறேன். செய்ங்க."

மறுநாள் மலையில், ஒப்பரேஷன் வரைக்கும்தானே என்று, வழக்கம்போல ரொட்டியைத் தேத்தண்ணியோடு சாப்பிட்டாள். அவள் முடிவைக் கேட்ட யோகமலர் மட்டும் ஒரு துண்டை எடுத்துத் தாளில் சுற்றித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"எதுக்குடி?"

"நீ ஆஸ்பத்திரியால வந்த பொறகு நடுவுல நடுவுல நான்தானே தரணும். நீ மாடு மாதிரி மென்னுகிட்டு நிப்ப. வேலய மேய்க்கிற கங்காணி வந்தா வாயக் குடுத்துச் சமாளிக்க ஆள் வேணாமா? இப்பவே பழகிக்கிறேன்."