எட்டு மணிக்கு, இருவருக்கு

டாக்டர் காஸ்பாரெக் மூன்று உணவகங்களை வேண்டாம் என்று தள்ளிவிட்டார். முதலாவதில் மேசைகள் நெருக்கம். இரண்டாவதில் பியானோ வாசிப்பார்கள். மூன்றாவது போன வாரம் பத்திரிகையில் வந்தது என்று வெரேனா சொன்னதுமே அவருக்குப் பிடிக்காமல் போயிற்று.

"பத்தாவது கல்யாண நாள்," என்றார். "நாங்க பேசறது பக்கத்து மேசைக்குக் கேக்கக் கூடாது. எனக்கு அது போதும்."

வெரேனா பொக்கோர்னிக்கு இது தினப்படி வேலை. அந்த வியன்னா ஹோட்டலின் முன்கூடத்தில், சாவி கொடுக்கும் இடத்துக்கு எதிரே ஒரு சிறிய மேசை. தங்க வருகிறவர்கள் இரவு எங்கே சாப்பிடலாம், எந்த ஓபராவுக்குப் போகலாம் என்று கேட்பது அங்கேதான். பதினோரு வருடமாக அவள் அதற்குப் பின்னால் நிற்கிறாள். மோதிரம் போட வந்தவனை எங்கே அனுப்புவது, அறுபதாவது பிறந்தநாளுக்குப் படி இல்லாத இடம் எது, சண்டை போட்டுவிட்டு வந்த ஜோடிக்கு எந்த இரைச்சலான கூடம் நல்லது என்பதெல்லாம் அவளுக்கு விரல் நுனியில்.

யோசெஃப்ஸ்டாட் பக்கம் ஓர் உணவகத்தைச் சொன்னாள். கூடத்தின் கோடியில், வளைவுக்கு அப்பால், தனியாக ஒரே ஒரு மேசை. மணியை அழுத்தினால்தான் பரிமாறுகிறவர் வருவார். பட்டியல் தரமாட்டார்கள். சமையல்காரர் அனுப்புவதுதான் சாப்பாடு, ஒன்றன்பின் ஒன்றாக மொத்தம் ஏழு தட்டு. அக்டோபர் மாதம் என்பதால் மான் இறைச்சி, பூசணி, நிறைய வால்நட் இருக்கும் என்றாள்.

"அதையே போடுங்க."

வழக்கமான கேள்வியைக் கேட்டாள். உடம்புக்கு ஒத்துக்கொள்ளாத சாப்பாடு ஏதாவது உண்டா?

"ரெண்டு பேருக்குமே ஒண்ணும் இல்ல." அவர் அவள் பேனாவைப் பார்த்துக்கொண்டு நின்றார். "எழுதிட்டீங்களா? ஒண்ணும் இல்லன்னு?"

எழுதினாள். அவர் நன்றி சொல்லிவிட்டு லிஃப்டுக்குப் போனார். இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னபிறகு, எழுதியாயிற்றா என்று யாரும் அவளிடம் கேட்டதில்லை.

நாலு மணிக்கு அவருடைய மனைவி லிஃப்டிலிருந்து இறங்கி, கோட்டு போட்டுக்கொண்டே முன்கூடத்தைக் கடந்தாள். வெரேனாவின் மேசையைக் கடக்கும்போது கொஞ்சம் வேகமாக நடந்தாள். முகத்தைத் தெருப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

வெரேனாவுக்கு அவளைத் தெரியும். மார்ச் மாதம் இரண்டு இரவு தங்கினாள். அப்போது பெயர் வேறு. கூட இருந்த ஆளும் வேறு. நரை விழுந்த, சத்தமாகச் சிரிக்கிற மனிதர். உணவகம் பிடித்துத் தரச் சொன்னபோது அந்தப் பெண் மேசைமேல் குனிந்து, வால்நட் ஒரு துணுக்குப் பட்டால்கூடத் தன் தொண்டை அடைத்துக்கொள்ளும் என்றும், ஒருமுறை ஆம்புலன்ஸில் போயிருக்கிறேன் என்றும் சொன்னாள். விருந்தாளிகளுக்கான குறிப்பு அட்டைகளில் அது இன்னும் இருக்கும். வெரேனா போய்த் தேடினாள். இருந்தது. வால்நட் என்ற சொல்லின் அடியில் அவளே இரண்டு கோடு போட்டிருந்தாள்.

பத்து வருடம் கூட வாழ்ந்தவருக்கு இது தெரியாமல் இருக்குமா?

பக்கத்தில் நின்ற கிலியானிடம் அட்டையைக் காட்டினாள். அவளுடன் அதே மேசையில் நிற்பவன். எதையும் சிரிப்பாக்கிவிடுகிற ஆள். அன்று சிரிக்கவில்லை. ஆனால் விதியை நினைவுபடுத்தினான். அவர்கள் தொழிலில் இருக்கிற ஒரே பெரிய விதி அது. முன்பு வந்தவரை, முன்பு வந்தவர் என்று நாமாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. விருந்தாளியே 'மறுபடி வந்துட்டேன்' என்று சொன்னால்தான் நமக்கும் ஞாபகம் வரலாம். அதுவரை எல்லா முகமும் புது முகம்.

"சால்ஸ்பர்க்ல நம்ம மாதிரி ஒருத்தன், போன தடவை வந்த மேடத்தோட ஜலதோஷம் தேவலையான்னு, இந்தத் தடவை கூட வந்த வேற மேடத்தைக் கேட்டான்," என்றான் கிலியான். "இப்ப ரயில் நிலையத்துல சாண்ட்விச் விக்கிறான். உனக்கு சாண்ட்விச் சுத்த வராது, வெரேனா."

"செத்துப்போயிட்டா?"

 கிலியான் மெல்லச் சொன்னான், "இங்க யார்கிட்டயும் சொல்லாத. அங்க சொல்லு."

அதுதான் சரி என்று அவளுக்கும் பட்டது. ஐந்து மணிக்கு உணவகத்துக்கு ஃபோன் செய்தாள். தலைமைப் பரிமாறுபவர் வோண்ட்ராக் அவளுக்குப் பல வருடப் பழக்கம். காஸ்பாரெக் மேசைக்கு வால்நட் எந்த உருவத்திலும் வேண்டாம், எண்ணெயாகக்கூட வேண்டாம் என்றாள். அவர் ஏன் என்று கேட்கவில்லை. எழுதிக்கொண்டார். ஃபோனை வைத்தாள்.  விதியும் உடையவில்லை, உயிரும் போகாது.

ஏழே முக்காலுக்கு அவர்கள் இருவரும் இறங்கி வந்தார்கள். அவர் கறுப்பு உடை. அவள் பச்சைப் பட்டு. அவர் அவள் முழங்கையைப் பிடித்து நேராக மேசைக்கு அழைத்து வந்தார்.

"உணவகத்துக்குப் பேசினேன்," என்றார் வெரேனாவிடம். குரலில் கோபம் இல்லை. "எல்லாம் சரியா இருக்கான்னு கேட்டேன். ஹோட்டல்லேர்ந்து வால்நட் வேண்டாம்னு சொல்லிட்டாங்களேன்னார். நான் ஒண்ணும் இல்லன்னுதானே சொன்னேன்?"

வெரேனா வாயைத் திறந்தாள். இந்தப் பருவத்தில் நாங்கள் எல்லா மேசைக்கும் அப்படித்தான் சொல்வோம் என்றாள். அதே நொடியில் அந்தப் பெண்ணும் பேசினாள். மத்தியானம் நான்தான் இவங்ககிட்ட சொன்னேன் என்றாள்.

இரண்டு பொய்யும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன.

டாக்டர் காஸ்பாரெக் முதலில் ஒருத்தியைப் பார்த்தார், பிறகு மற்றவளை. அவர் கிராட்ஸில் வழக்கறிஞர்; டாக்டர் என்பது சட்டப் படிப்பில் வாங்கிய பட்டம். சாட்சிகள் பேசி முடித்த பிறகு கொஞ்ச நேரம் சும்மா இருப்பது அவருக்குப் பழக்கமாக இருக்க வேண்டும்.

"மூணாவது ஹோட்டல்," என்றார் கடைசியில், மனைவியிடம். "திங்கட்கிழமையிலேர்ந்து ஏன் தினம் ஒரு ஹோட்டல் மாத்தறோம்னு கேட்டுக்கிட்டே இருந்தியே. மார்ச்ல நீ வியன்னா வந்தேங்கறது மட்டும்தான் எனக்குத் தெரியும். நீ எங்க தங்கினேன்னு தெரியல. கேட்டா எந்த ஹோட்டல்லயும் சொல்லமாட்டாங்க. ரொம்ப மரியாதையானவங்க."

அவள் வாசல் பக்கம் பார்த்தாள். 

"மத்த ரெண்டு ஹோட்டல்லயும் ஒண்ணும் இல்லன்னு சொன்னேன். ஒண்ணும் இல்லன்னு எழுதிக்கிட்டாங்க. யாரும் எங்கயும் ஃபோன் பண்ணல. இங்கேர்ந்துதான் பண்ணினாங்க. அப்ப நீ தங்கினது இங்கதான்." வெரேனா பக்கம் திரும்பினார். "பயப்படாதீங்க. உக்காந்ததும் நானே சமையல்காரர்கிட்ட சொல்லியிருப்பேன். ரெண்டு நாளும் சொன்னேன். நான் கொலைகாரன் இல்ல. நீங்க நல்ல மனசுக்காரங்க. ஒரு நல்ல மனசுக்காரங்க எங்கயாவது இருப்பாங்கன்னு நம்பினேன்."

 வெரேனா அந்தப் பெண்ணை நேராகப் பார்த்துக் கேட்டாள். "மேடம், உங்களுக்கு மட்டும் தனியா ஒரு அறை வேணுமா? மூணாவது மாடியில ஒண்ணு காலி இருக்கு."

பெண்ணின் உதடு அசைந்தது. கணவர் முழங்கையை விடவில்லை. ஆனால் இறுக்கவும் இல்லை. அவளே பதில் சொல்லட்டும் என்பதுபோல் காத்திருந்தார்.

"வேண்டாம்," என்றாள் அவள். "கல்யாண நாள் இல்லையா."

"மேசையை அப்படியே வைக்கச் சொல்லுங்க," என்றார் அவர். "அந்தத் தனி மேசை. நல்லாத் தேர்ந்தெடுத்தீங்க. எங்களுக்குப் பேச நிறைய இருக்கு."

வாசலில் நின்ற கார்க் கதவை அவர் திறந்து பிடித்தார். அவள் பாவாடையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு உள்ளே குனிந்தாள். உட்கார்ந்த பிறகு ஒரே ஒரு முறை கண்ணாடி வழியாக ஹோட்டலைப் பார்த்தாள். கோபமாகத் தெரியவில்லை. இந்த இடத்தை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதுபோல் பார்த்தாள். கார் ரிங் சாலைப் பக்கம் திரும்பியது.

கிலியான் போலீசைக் கூப்பிடலாமா என்றான். கூப்பிட்டு என்ன சொல்வது? ஒரு மனிதர் மனைவியைக் கல்யாண நாள் விருந்துக்கு அழைத்துப் போனார் என்றா? அவர் மிரட்டவில்லை, குரல்கூட உயர்த்தவில்லை. அவளும் தன் வாயாலேயே வேண்டாம் என்றாள்.

வெரேனாவிடம் இருந்தது அவள் தொழில் ஒன்றுதான். வோண்ட்ராக்குக்கு மறுபடி ஃபோன் செய்தாள். காஸ்பாரெக் ஜோடியை அந்தத் தனி மேசையில் உட்காரவைக்க வேண்டாம். கூடத்தின் நடுவே, சமையலறைக் கதவுக்கு நேர் எதிரே, எல்லோர் கண்ணும் படுகிற இடத்தில் மேசை போடுங்கள் என்றாள்.

"அங்க பக்கத்துல பதினெட்டு பேர் பிறந்தநாள் கொண்டாடறாங்க. பாட்டுப் பாடறாங்க, அம்மா. அவர் அமைதியா வேணும்னு கேட்டாரே?"

"தனி மேசையில விளக்கு எரியலன்னு சொல்லுங்க. என்ன வேணா சொல்லுங்க. ஏழு தட்டும் மெதுவாக் கொண்டுவாங்க. அந்தம்மா எழுந்து எங்க போனாலும் யாராவது பாத்துக்கிட்டே இருக்கணும். அவங்க ஃபோன் கேட்டா குடுங்க."

 வோண்ட்ராக் இருபது வருடமாக மேசைகளைப் பார்த்தவர். சரி என்று மட்டும் சொன்னார்.

இரவு விருந்து முடிய மூன்று மணி நேரம் ஆகும். மூன்று மணி நேரத்தை அவளால் வாங்கிக் கொடுக்க முடியும். அதற்குள் அந்தப் பெண்ணுக்கு ஒரு யோசனை வரலாம். பாடுகிற பதினெட்டு பேரில் யாராவது அவள் முகத்தைக் கவனிக்கலாம். வெரேனா மூன்றாவது மாடி அறையைத் தன் பெயரில் பிடித்துவைத்தாள். சாவியை மேசையிலேயே வைத்துக்கொண்டாள். ஒரு ஜப்பானியத் தம்பதிக்கு ஓபரா சீட்டு எடுத்துக் கொடுத்தாள். அவர்கள் என்ன கேட்டார்கள் என்பது பிறகு நினைவில் இல்லை.

ஹோட்டலிலிருந்து அந்த உணவகத்துக்குக் காரில் பத்து நிமிடம்.

எட்டே காலுக்கு ஃபோன் அடித்தது. வோண்ட்ராக்கின் பின்னால் பிறந்தநாள் பாட்டு கேட்டது.

"உங்க காஸ்பாரெக் இன்னும் வரல," என்றார். "வாசல்ல ஆள் காத்துக்கிட்டிருக்காங்க. மேசையை வச்சிருக்கட்டுமா, விட்டுடட்டுமா?"

"வச்சிருங்க," என்றாள் வெரேனா. கிலியானைப் பார்த்தாள். அவன் ஏற்கெனவே மற்ற ஃபோனை எடுத்துப் போலீஸ் எண்ணை அழுத்திக்கொண்டிருந்தான்.