திருப்பிக் கேட்கேலாத காப்புகள்

என்ர மனுசன் ஸ்ரீஸ்கந்தராசா படிச்சவர். படிச்சது போதாதெண்டு, பாங்குகளையும் கடனையும் பற்றி இன்னும் படிக்க லண்டன் யூனிவர்சிட்டிக்குப் போகத் துடிச்சுக்கொண்டிருந்தவர். ரெண்டாம் உலக யுத்தம் முடிஞ்சதுக்கு அடுத்த வருசம். படிப்புச் செலவுக்கு ஸ்கொலர்ஷிப் கிடைச்சிட்டுது. கப்பல் காசு மட்டும் எங்கட பாடு. அதுக்கு என்ர சீதனக் காப்பு ஆறையும் விக்கிறதெண்டு முடிவு. மனம் வரேல்லைத்தான், ஆனாலும் ஓமெண்டிட்டன்.

கொழும்பு வியாபாரிகள் எப்பிடிக் கடன் எடுக்கினமெண்டு எழுதிக்கொண்டு வரச்சொல்லி லண்டன் பேராசிரியர் கேட்டிருந்தார். இந்தாள் என்ன செய்தது? கோட்டும் டையும் போட்டுக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போய், ஹமீட் நானாவின்ர இரும்புக்கடை வாசலில கதிரை போட்டு இருந்து, "ஆரிட்டக் கடன்? என்ன வட்டி? எப்ப தவணை?" எண்டு ஒரு கிழமையாய்க் கேட்டு எழுதினது. பாவம் நானா, தேத்தண்ணியும் குடுத்துப் பதிலும் சொன்னார்.

தெரு சும்மா இருக்குமே? பாங்குக்காரன் வந்து ஹமீட்டைத் துருவுறானாம், கடை ஆடுதாம் எண்டு கதை பரவிட்டுது. எந்த வியாபாரியை நம்பலாமெண்டு வெள்ளைக்காரன்ர பாங்குக்குச் சொல்லிப் பிணை நிக்கிற ஆள் சிறாப்பர். அவர் இனி ஹமீட்டுக்குப் பிணை நிக்க மாட்டனெண்டிட்டார். ஆணி குடுக்கிறவன், கயிறு குடுக்கிறவன் எல்லாரும் கடனுக்குத் தரமாட்டம் எண்டு கைக்காசு கேட்டாங்கள்.

நானா வெள்ளவத்தைக்கு எங்கட வீடு தேடி வந்துதான் இதைச் சொன்னார். ஏசேல்லை. ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாயிருந்திருக்கும்.

"நான் படிக்கிறவன்தான், பாங்குக்காரன் இல்லை எண்டு பேப்பரில போடுறன்" எண்டார் இவர்.

"வாணாம் தம்பி! ஹமீட் விழல்லண்டு பேப்பர்ல போட்டா, விழுந்துட்டான்டுதான் வாசிப்பாங்க."

எனக்குப் பத்திக்கொண்டு வந்துது. கடனைப் பற்றிக் கட்டுக்கட்டாய் வாசிச்ச மனுசனுக்கு, ஒருத்தன்ர கடனை நடுத்தெருவில வைச்சுக் கேட்கக்கூடாதெண்டு தெரியேல்லையே!

அடுத்தநாள் காலமை பட்டுச்சீலை உடுத்தன். இவருக்கு அதே கோட்டை மாட்டி, கொட்டாஞ்சேனைத் தெருவில எனக்கு முன்னால நடக்கவிட்டன். கடையில சனம் நிறைஞ்ச நேரம். ஆணி நிறுக்கிற தராசுத் தட்டில காப்புகளை ஒவ்வொண்டாய்க் கழட்டிச் சத்தம் கேட்க வைச்சன்.

"நானா, இவர் கப்பலேறப் போறார். நகையைப் பாங்கில வைக்க வேண்டாமாம், உங்களிட்டக் குடுக்கட்டாம். பத்திரமாய் வைச்சிருங்கோ!"

நானா குனிஞ்சு மெல்லமாய்ச் சொன்னார்: "தங்கச்சி, நான் விழுந்தா இதுவும் போயிரும்."

"அப்ப விழாதையுங்கோ."

அந்தக் கிழமைக்குள்ளேயே சிறாப்பர் கடைக்கு வந்து, தேத்தண்ணி குடிச்சு, பிணைக் கையெழுத்தும் வைச்சிட்டுப் போனார்.

"கெட்டிக்காரி! இனிப் போய்க் காப்பை எடுத்துக்கொண்டு வா. கப்பல் காசு கட்டவேணும்" எண்டார் இவர்.

"எடுக்கிறதோ? நான் அதைத் திருப்பி எடுக்கிறதைத் தெரு கண்டால் அண்டைக்கே கடை விழுந்திடும். இது உங்கட புத்தகத்தில இல்லையோ?"

இருந்ததாக்கும். மனுசன் கதிரையில சாய்ஞ்சிட்டார்.

அதுக்குப் பிறகு எனக்கு நித்திரை இல்லை, நிம்மதி இல்லை. வீடு கூட்டினாலும் அந்தக் கடை நினைவு, உலையில அரிசி போட்டாலும் அந்தக் கடை நினைவு. வெறுங்கையைச் சீலைத் தலைப்புக்குள்ள மறைச்சுக்கொண்டு திரிஞ்சன். பக்கத்து வீட்டுப் புளோறன்ஸ் கண்டிட்டு, "எங்கை காப்பு?" எண்டு கேட்க, வாயில வந்த பொய்யைச் சொன்னன். நானாவிட்டயிருந்து ஒரு சொல் இல்லை. காசு கட்டுற தவணை கிட்டக்கிட்ட வர, கள்ளன், முழுங்கிட்டான் எண்டுகூட மனதுக்குள்ள திட்டினன்.

நோன்புப் பெருநாள் வந்துது. நானாவின்ர பெண்சாதி ஷபீகா றிக்ஷோவில கூடையோட வந்து இறங்கினா. பெருநாள் இனிப்பெண்டு வட்டிலப்பம் கொண்டு வாறதை ஆர் சந்தேகப்படப் போகினம்? வட்டிலப்பக் கோப்பையைத் தூக்கினா, அடியில துணிக்குள்ள என்ர ஆறு காப்பும்.

"பெருநாள் வரட்டும்ண்டுதான் காத்திருந்தாரு" எண்டா ஷபீகா. "ஒங்கட கை வெறுமையா ஈக்கிறத நெனச்சி அவருக்கும் தூக்கமில்ல."

அவவைக் கட்டிப்பிடிச்சு அழுதன். கள்ளன் எண்டேனே, பாவி!

ஷபீகா போனதும் இவர் பென்சிலை எடுத்தார். "இதை எழுதவேணும். லண்டனில ஒருத்தனும் கேள்விப்பட்டிருக்க மாட்டான்."

"ஹமீட் நானாவின்ர கடையைப் பற்றி இன்னும் ஒரு வரி எழுதினீங்களோ, காப்புமில்லை, கப்பலுமில்லை!"

மனுசன் பென்சிலை வைச்சிட்டு வட்டிலப்பத்தை எடுத்தார். அண்டைக்குத்தான் இவரும் கொஞ்சம் படிச்சிருக்கிறார் எண்டு நினைச்சன்.