ஜெபக் கடிதத்தில் ஒரு தாய்

ஜெபக் கடிதம் மடிக்கும் நாளில் மிஷனில் இருக்கும் நான்கு வீட்டுப் பெண்களும் அதன் தலைவரான பெரிய ஐயா வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வருகிற வேலை. இந்த ஆற்றங்கரைக்குத் தங்களை ஊழியத்துக்கு அனுப்பிய சபைக்கும், அந்தச் சபையில் இவர்களுக்காக ஜெபிக்கிற வீடுகளுக்கும் போகிற கடிதம் அது. மெக்கானிக் மனைவி மூன்றாக மடிப்பாள், தையலக்கா உறையில் போடுவாள், கம்பவுண்டர் மனைவி பசை தடவி ஒட்டுவாள். பெரிய ஐயாவின் மனைவி எல்லாருக்கும் டீ ஊற்றிக் கொடுத்து மேற்பார்வை பார்ப்பாள். கடிதத்தில் என்ன இருக்கிறது என்று யாரும் வாசிப்பதில்லை. தாங்கள் செய்ததைத் தாங்களே வாசித்து ஆகப்போவது என்ன?

அன்று மெக்கானிக் மனைவிக்குத் தலைவலி. மடிக்கிற வேலை தையலக்காவிடம் வந்தது. அவள் வாத்தியாரின் மனைவி. ஆற்றோரத்துப் பெண்களுக்குத் தையல் வகுப்பு எடுப்பதால் அந்தப் பெயர். துணியானாலும் தாளானாலும் மடிப்பு நேராக விழாவிட்டால் அவளுக்குப் பொறுக்காது. முதல் மடிப்பு எந்த வரியில் விழுகிறது என்று குனிந்து பார்த்தபோதுதான் அந்த வரி கண்ணில் பட்டது.

‘நோயுற்ற தன் குழந்தையோடு ஓடக்காரத் தாய் ஒருத்தி நம் சகோதரியின் வாசலில் வந்து விழுந்தாள்.’

மேலே வாசித்தாள். சகோதரி சற்றும் தயங்காமல் குழந்தையை வாரி எடுத்தாளாம். முழங்காலில் நின்று ஜெபித்தாளாம். பெருவெள்ளத்தையும் பொருட்படுத்தாமல் தாயையும் பிள்ளையையும் நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தாளாம். அந்தத் தாய் இன்று ஆண்டவரை அறிய ஏங்குகிறாள். இந்த ஊழியத்துக்கு ஒரு புது எஞ்சின் வேண்டும், ஜெபித்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சகோதரி அவள்தான். ‘சற்றும் தயங்காமல்’ என்ற இடத்தில் ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவளுக்கு உள்ளே இனித்தது. யாரோ முதுகில் தட்டிக் கொடுத்தது மாதிரி. அதற்கப்புறம்தான் காது சூடேறியது. அந்த ஒரு கணத்துக்காகப் பின்னால் அவள் தன்னையே பலமுறை நொந்துகொண்டாள்.

ஓடக்காரிக்குப் பிள்ளையே கிடையாது. நோயுற்ற குழந்தை, தையலக்காவின் மூன்று வயதுக் குட்டி. ஓடக்காரியின் வாசலில் போய் விழுந்து அழுதவள் தையலக்கா. வெள்ளத்துக்குப் பயந்து படகைக் கரையில் ஏற்றிக் கட்டியிருந்த ஓடக்காரிதான் அதை மறுபடி அவிழ்த்துத் தண்ணீரில் இறக்கி, நகரம்வரைக்கும் துடுப்புப் போட்டாள். உள்ளங்கைத் தோல் உரிந்து, ஒரு வாரம் அவளால் சோற்றைப் பிசைந்து சாப்பிட முடியவில்லை. இது நான்கு வீட்டுக்கும் தெரியும். புதன்கிழமை ஐக்கியக் கூட்டத்தில் தையலக்காவே எழுந்து நின்று சாட்சி சொன்னதுதான். கம்பவுண்டர் மனைவி அன்றைக்கு மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதாள்.

“இதை வாசிச்சீங்களா?” என்று தாளை நீட்டினாள்.

கம்பவுண்டர் மனைவி பசைக் கையைத் தூக்கிப் பிடித்தபடி எட்டிப் பார்த்தாள். “உங்களைப் பத்தித்தானே? நல்லாத்தான் எழுதியிருக்கு.”

“தலைகீழா எழுதியிருக்கு.”

“அதுவா.” அவள் மறுபடி உறையை எடுத்தாள். “போன வருஷம் எங்க வீட்டுக்காரருக்குப் பாம்பு கடிச்சதுன்னு எழுதினாங்க. கடிச்சது எறும்பு. நான் ஏதாவது சொன்னேனா?”

பெரிய ஐயாவின் மனைவி சிரித்துக்கொண்டே டீயை நகர்த்தி வைத்தாள். “டீ ஆறுது, குடிம்மா. ஐயா இதுல கைவைக்கல. எழுதினது உன் வீட்டுக்காரர்தான். அவர் கை எழுத ஆரம்பிச்சா சும்மாவா?”

தையலக்கா கையிலிருந்த தாளை மடிக்காமல் வைத்துவிட்டு எழுந்தாள்.

வாத்தியார் வீட்டுப் பின்கட்டில் உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தார். குட்டி பக்கத்தில் சாக்பீஸைக் கடித்துக்கொண்டிருந்தாள். தையலக்கா முதலில் அவள் வாயிலிருந்து சாக்பீஸைப் பிடுங்கினாள்.

“கடிதத்துல எனக்குப் பதிலா ஓடக்கார அக்காவைக் கொண்டுபோய் வாசல்ல விழ வச்சிருக்கீங்க.”

அவர் பேனாவை மூடவில்லை. “உட்காரு, சொல்றேன். நம்ம டிஸ்பென்சரியில தினம் என்ன சொல்றோம்? தண்ணியக் காய்ச்சிக் குடிங்க, காய்ச்சிக் குடிங்கன்னு. கடைசியில மிஷன் வீட்டுப் பிள்ளைக்கே வயித்துப்போக்குன்னு எழுதவா? அன்னைக்குக் கம்பவுண்டரும் ஊர்ல இல்ல, எஞ்சினும் ஓடல, நான் பள்ளிக்கூடத்துல மாட்டிக்கிட்டேன். இதெல்லாம் எழுதினா, அங்க இத்தனை பேரு என்னதான் பண்றாங்கன்னு கேக்க மாட்டாங்களா?”

“கேக்கட்டுமே.”

“எஞ்சின் வேணுமா வேணாமா? அதைச் சொல்லு. வெள்ளம் நிஜம், நோய் நிஜம், படகு நிஜம். ஜெபம்கூட நிஜம்தான்.”

“ஆள் மட்டும் மாறிப்போச்சு.”

“அவங்களுக்கு என்ன நஷ்டம்? அவங்க இதை வாசிக்கப்போறாங்களா என்ன?”

அந்த வார்த்தையைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை. பொய்யைவிட அது கேவலமாகப் பட்டது. எழுத்துத் தெரியாதவள் என்பதால் அவள் உழைப்பை அவள் கண்ணெதிரிலேயே உருவிக்கொள்ளலாம். எழுத்துச் சொல்லிக் கொடுக்க வந்தவரே உருவிக்கொள்ளலாம். இப்படி ஒரு மனிதரோடா ஏழு வருஷமாக ஒரே தட்டில் சாப்பிட்டேன் என்று இருந்தது. இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள், உப்பு எங்கே என்று அவர் கேட்டபோது பதில் சொல்ல வேண்டியதாயிற்று. குடும்பத்தில் கோபத்தை அதற்குமேல் நிறுத்திவைக்க இடம் இருப்பதில்லை. கடிதங்கள் அதற்குள் தபாலில் போய்விட்டிருந்தன.

அதற்கப்புறம் இரண்டு மாதம், வாரா வாரம் அக்கரைத் தையல் வகுப்புக்கு அவள் ஓடக்காரியின் படகில்தான் போனாள். ஒவ்வொரு தடவையும் நடு ஆறு வந்ததும் சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுப்பாள். ஓடக்காரி துடுப்பை நிறுத்தாமல், “குட்டி எப்படியிருக்கா? சாப்பிடுறாளா?” என்று கேட்பாள். குட்டி தின்ற கணக்கைத் தையலக்கா ஒப்பிப்பாள், அதற்குள் அக்கரை வந்துவிடும். எதிலிருந்து தொடங்குவது? ‘அக்கா, உனக்கு ஒரு பிள்ளை இருப்பதாக எழுதிவிட்டார்கள்’ என்றா? புருஷன் மேல் இருந்த கோபத்தை அவள் பத்திரமாக வைத்திருந்தாள். அது இருக்கும்வரை தன் மேல் கோபப்பட வேண்டிய அவசியம் வராது.

சபை ஜெபித்தது, எஞ்சினும் வந்தது. அதைப் பிரதிஷ்டை செய்வதற்காகச் சபைச் செயலாளரும் அவர் மனைவியும் ஒரு சனிக்கிழமை காலை வந்து இறங்கினார்கள். கரையில் நாற்காலி போட்டிருந்தது. மிஷன் படகின் பின்னால் புது எஞ்சின், வெள்ளைத் துணி மூடி, மேலே நீல ரிப்பன். மெக்கானிக் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஓடக்காரியையும் நல்ல சேலை கட்டிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். அவள் தன் படகைத் துடைத்து, தள்ளி நிறுத்திவிட்டு, புது எஞ்சினை ஒரு தொழில்காரியின் கண்ணோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாத்தியார் தையலக்காவைத் தனியே கூப்பிட்டார். “செயலாளர் வீட்டம்மா அந்தப் பிள்ளைக்கு ஒரு கவுன் தைச்சுக் கொண்டுவந்திருக்காங்க.”

“எந்தப் பிள்ளைக்கு?”

“அதான்…” அவர் சட்டைப் பொத்தானைத் திருகினார். “குட்டியைக் கொஞ்ச நேரம் அந்த அக்கா இடுப்புல குடு. அஞ்சு நிமிஷம். ஒரு போட்டோ. அவளும்தான் அக்காகிட்ட ஒட்டிக்குவாளே.”

அவர் முகத்தையே பார்த்தாள். வெட்கப்படுகிறாரா என்று தேடினாள். வேர்த்திருந்தது, அவ்வளவுதான்.

“முடியாது.”

“ஐயா கேக்கச் சொன்னார்.”

“ஐயாவுக்குப் பேரப்பிள்ளைங்க இருக்கே. அதுல ஒண்ணைக் குடுக்கச் சொல்லுங்க.”

அவள் பேசி முடிப்பதற்குள் பெரிய ஐயாவின் மனைவி வந்து, “வாடி தங்கம்” என்று குட்டியை அவள் இடுப்பிலிருந்து எடுத்துக்கொண்டு நடந்துவிட்டாள். மூத்தவள், ஊழியத்தில் இருபது வருஷம் கண்டவள். அவள் கையிலிருந்து பிள்ளையைப் பிடுங்க முடியுமா? தையலக்கா பின்னாலேயே ஓடினாள். குட்டி அதற்குள் ஓடக்காரியின் இடுப்பில் ஏறி, அவள் காதுத் தோட்டைத் திருகிக்கொண்டிருந்தாள். ஓடக்காரிக்கு முகமெல்லாம் சிரிப்பு.

செயலாளரின் மனைவி கவுனை விரித்துப் பிடித்தபடி வந்தாள். மஞ்சள் துணி, கழுத்தில் கையால் போட்ட பூ வேலை. நல்ல மனுஷி, ஒவ்வொரு பூவிலும் அது தெரிந்தது.

“உங்க பொண்ணுக்குன்னு நானே தைச்சேன்மா. உங்களுக்காக எங்க வீட்டுல தினம் ஜெபம் பண்ணினோம். இப்ப நல்லா இருக்காளா?”

ஓடக்காரி கவுனைப் பார்த்தாள். தையலக்காவைப் பார்த்தாள். “என் பொண்ணா?”

பெரிய ஐயா இடையில் புகுந்தார். “கூச்சப்படுறாங்க. ஆத்தோரத்து ஜனங்க, அதிகம் பேச மாட்டாங்க. போட்டோ எடுத்துடலாமா?”

“அவ என் பொண்ணு” என்றாள் தையலக்கா.

தன் குரல் அவ்வளவு சன்னமாக வந்ததில் அவளுக்கே ஆத்திரம் வந்தது. மறுபடி சொன்னாள். “அது என் பிள்ளைம்மா. கடிதத்துல இருக்கறது பொய். காப்பாத்தினது இந்த அக்கா. அழுதுக்கிட்டுப் போய் நின்னது நான். இங்க இருக்கிற எல்லாருக்கும் இது தெரியும். எனக்கு ரெண்டு மாசமாத் தெரியும்.”

மெக்கானிக் எஞ்சின் துணியின் சுருக்கத்தை நீவத் தொடங்கினார். கம்பவுண்டர் மனைவி ஆற்றைப் பார்த்தாள். வாத்தியார் எங்கே பார்த்தார் என்று தையலக்கா கவனிக்கவில்லை.

“என்னன்னு எழுதினீங்க?” ஓடக்காரி கேட்டாள். தையலக்காவே சொன்னாள், ஒரு வரி விடாமல். அந்த வரிகள் அவளுக்கு மனப்பாடமாகியிருந்தன.

ஓடக்காரி முழுதும் கேட்டாள். குட்டியின் கையைத் தன் காதிலிருந்து மெல்ல விலக்கினாள்.

“இருபது வருஷம் கேட்டேன் ஐயா, ஒரு பிள்ளை குடுன்னு. நான் ஏறாத கோயில் இல்ல. ஆண்டவன் குடுக்கல. நீங்க ஒரு தாள்ல எழுதிக் குடுத்துட்டீங்க. குடுத்ததும் குடுத்தீங்க, சீக்குப் பிள்ளையாக் குடுத்தீங்க.”

பெரிய ஐயா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “எழுத்துல ஒரு சின்னத் தவறு. திருத்திடலாம்மா. அடுத்த கடிதத்துல—”

“எழுதுங்க. ஆனா எழுதினதை எனக்கு வாசிச்சுக் காட்டிட்டு அனுப்பணும்.”

“நான் வாசிச்சுக் காட்டுறேன்க்கா” என்றாள் தையலக்கா.

ஓடக்காரி குட்டியை அவள் கையில் கொடுத்தாள். கொடுக்கும்போதுகூட அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “நீ வேணாம். ரெண்டு மாசம் என் படகுலயே உக்காந்து வந்துட்டு வாயைத் திறக்காதவ நீ.” செயலாளரின் மனைவியிடம் திரும்பினாள். “நீங்க வாசிங்கம்மா. நீங்கதான் ஒண்ணும் தெரியாம வந்திருக்கீங்க.”

அந்த அம்மாள் கவுனை மடித்துப் பையில் வைத்துவிட்டு, எழுதுவதற்குத் தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு, நாற்காலியை இழுத்து ஓடக்காரியின் பக்கத்தில் போட்டாள். “சொல்லுங்க. முதல்லேர்ந்து சொல்லுங்க.”

ஓடக்காரி நாற்காலியில் உட்காரவில்லை. கரையிலிருந்த கல்லில் உட்கார்ந்து சொன்னாள். தையலக்கா செருப்பில்லாமல் சேற்றில் ஓடிவந்தது, படகில் ஏறத் தெரியாமல் ஏறி அதைக் கவிழ்க்கப் பார்த்தது, வழியெல்லாம் வாந்தி எடுத்தது, எதையும் விடவில்லை. உப்பும் சர்க்கரையும் போட்ட தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடச் சொன்னால், இவள் மடமடவென்று ஊற்றிப் பிள்ளைக்குப் புரையேற வைத்ததையும் சொன்னாள். கேட்கக் கேட்கத் தையலக்காவுக்கு முகம் எரிந்தது. கடிதத்தில் இருந்த சகோதரி இந்தக் கரையில், இத்தனை பேர் நடுவில், துண்டு துண்டாக உதிர்ந்துகொண்டிருந்தாள்.

“ஜெபம் பண்ணலையா?” என்று கேட்டார் செயலாளர்.

“பண்ணினா. நான்தான் நிறுத்தினேன். கண்ணை இறுக மூடிக்கிட்டா. இங்க பிள்ளைக்குக் கண்ணு மேல சொருகுது. கண்ணைத் திறடி, திறந்துக்கிட்டே கும்பிடு, நீயும் மூடிக்கிட்டா பிள்ளையை யாரு பாக்கறதுன்னு துடுப்பால படகைத் தட்டினேன்.”

“அதை விட்டுடலாம்மா” என்றார் பெரிய ஐயா. “அது வேணாம். சபையில வாசிக்கிற கடிதம்.”

“அது வேணும் ஐயா” என்றாள் தையலக்கா. குட்டியை இடுப்பில் ஏற்றிக்கொண்டு முன்னால் வந்தாள். யார் மேல் என்று பிரித்துச் சொல்ல முடியாத ஆத்திரம். “அதையும் எழுதணும். அதைத்தான் முதல்ல எழுதணும்.”

ஓடக்காரி அவள் பக்கம் திரும்பவில்லை. சேலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து மேலே சொன்னாள்.