வேலை நடந்த இடம்

மலாக்காவில், குருபோங்கில் உள்ள ரப்பர் கையுறைத் தொழிற்சாலை ஒன்றின் கணக்குப் பிரிவில் சுரேகா வேலை பார்த்தாள். அங்குள்ள இயந்திரங்களில் பாதி கோயம்புத்தூரில் செய்தவை. பெரிய பழுது என்றால் அவற்றைச் செய்த கம்பெனியிலிருந்தே ஆள் வருவான். அவன் செய்யும் வேலைக்கு இந்திய ஜி.எஸ்.டி. விழுமா விழாதா என்று பார்த்துச் சொல்வது சுரேகாவின் பொறுப்பு. வரி விழுந்தால் அதைத் தொழிற்சாலைதான் கட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. அதனால்தான் அவளை இணையவழி வகுப்பு ஒன்றில் சேர்த்து அந்தச் சட்டத்தைப் படிக்க வைத்தார்கள். தலைநகரில், பிரிக்ஃபீல்ட்ஸில் உள்ள பெரிய ஆடிட்டர்களுக்குக் கொடுக்கும் பணம் மிச்சம் என்று அவளுடைய மேலாளர் தனபாலன் அடிக்கடி சொல்வார்.

மார்ச் மூன்றாம் வாரத்தில் வந்த ஆள் ஷங்கர். முப்பத்திரண்டு வயது இருக்கும். ஒல்லியாக, எதற்கும் முதலில் ஒரு சிரிப்போடு பேசத் தொடங்குபவன். மூன்றாவது உற்பத்தி லைனின் கியர்பாக்ஸை ஒரு வாரத்தில் பிரித்துப் போட்டான். உள்ளே இருந்த ஷாஃப்ட் நினைத்ததைவிட அதிகமாகத் தேய்ந்திருந்தது. அதைக் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோய்த் தங்கள் பட்டறையிலேயே சரிசெய்து எடுத்து வருவதாகச் சொன்னான்.

தனபாலன் சுரேகாவின் மேசைக்கு வந்து நின்றார்.

"ஷாஃப்ட்ட ஊருக்குக் கொண்டு போறேங்கிறான். அங்க உள்ள அக்கவுண்ட்ஸ் ஆளுங்க, வேலையில ஒரு பங்கு இந்தியாவுல நடந்தாலும் முழு பில்லுக்கும் பதினெட்டு பெர்சன்ட்னு பயங்காட்டுறாங்க. நீ பாத்துச் சொல்லு லா. சாயங்காலம் நான் டைரக்டருக்குப் பதில் சொல்லணும்."

அன்று மதியம் கேன்டீனில் ஷங்கர் தன் தட்டை எடுத்துக்கொண்டு அவள் எதிரில் வந்து உட்கார்ந்தான்.

"மேடம், நீங்கதான் முடிவு பண்றதுன்னு சொன்னாங்க."

"முடிவு எங்க பாஸோடது. நான் சட்டத்தப் பாத்துச் சொல்றது மட்டும்தான்."

"என் சம்சாரம் மாசமா இருக்குதுங்க. ஆறு மாசம். பிரஷர் ஏறிப்போச்சு, எந்திரிக்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. ஷாஃப்ட் கூடப் போனா மூணு வாரம் அவ பக்கத்துல இருப்பனுங்க. வேலையும் நல்லா முடியும். இங்க வெளிப்பட்டறையில குடுத்தா இன்னும் லேட்தான் ஆகும்."

"வேற யாரும் வரமாட்டாங்களா, உங்களுக்குப் பதிலா?"

"இந்த மெஷினுக்கு நான் ஒருத்தன்தானுங்க."

தட்டிலிருந்த சோற்றை அவன் தொடவே இல்லை. "பாக்கறேன் ஷங்கர். முடியும்னா கட்டாயம் சொல்றேன்" என்றாள் சுரேகா. மனதார அப்படியே நினைத்துத்தான் சொன்னாள்.

வகுப்பில் கொடுத்திருந்த சுருக்க அட்டவணையை எடுத்து வைத்துக்கொண்டாள். சேவையைக் கொடுப்பவரும் வாங்குபவரும் வேறு வேறு நாட்டில் இருந்தால், பொதுவாக வாங்குபவர் இருக்கும் இடமே சேவையின் இடம். ஆனால் ஒரு பொருளைக் கையில் வைத்துச் செய்யவேண்டிய வேலையென்றால், வேலை எங்கே நடக்கிறதோ அதுதான் இடம். குருபோங்கில் நடந்தால் குருபோங். இந்திய வரி கிடையாது. ஒரு பகுதி இந்தியாவிலும் ஒரு பகுதி வெளியிலும் நடந்தால், முழுவதும் இந்தியாவில் நடந்ததாகவே கொள்ளவேண்டும். அட்டவணையில் அந்த விதி தடித்த எழுத்தில் இருந்தது. ஷாஃப்ட் கோயம்புத்தூர் பட்டறைக்குள் நுழைந்தால் முழு பில்லுக்கும் வரி.

இரண்டு முறை படித்தாள். வேறு வழி தெரியவில்லை. "அனுப்ப வேண்டாம். எல்லா வேலையும் இங்கேயே நடக்கட்டும்" என்று தனபாலனுக்கு எழுதினாள். மறுநாள் ஷங்கர் மறுபடி வந்து கேட்டான். சட்டத்தில் இடமில்லை என்று அவனிடமும் சொன்னாள்.

"சரிங்க மேடம். சட்டம்னா என்ன பண்றது" என்று சொல்லிவிட்டு லைனுக்குத் திரும்பினான்.

ஷாஃப்ட் உள்ளூர்ப் பட்டறைக்குப் போனது. அவர்கள் ஒரு தடவை கடைந்து கொடுத்தது சரியாக உட்காரவில்லை. திரும்ப அனுப்ப வேண்டியிருந்தது. நாட்கள் ஓடின.

ஷங்கருக்குத் தொழிற்சாலை பார்த்துக்கொடுத்த அறை, புனிதா என்பவரின் வீட்டு மாடியில் இருந்தது. புனிதா கிளேபாங் கடலோரச் சாலையில் தோசைக் கடை போட்டிருப்பவர். ஐம்பது வயதைத் தாண்டியவர். ரப்பர் எஸ்டேட்டில் பிறந்து, எஸ்டேட்டை விற்றபோது குடும்பத்தோடு டவுனுக்கு வந்தவர். சுரேகா தஞ்சோங் கிளிங்கில் குடியிருந்ததால், வேலை முடிந்து போகிற வழியில் அங்கே காரை நிறுத்தித் தோசை வாங்குவாள். ஷங்கர் சட்டைக் கையை மடித்துவிட்டு, அந்தக் கடையில் தட்டு எடுத்துக்கொண்டும் மேசை துடைத்துக்கொண்டும் இருப்பான்.

"சும்மா உக்காருடான்னா கேக்க மாட்டேங்குறான்" என்பார் புனிதா. "ரூம்ல தனியா இருந்தா போனையே பாத்துக்கிட்டு இருக்கான் லா. இங்க வந்தாவது நாலு ஆள் மூஞ்சியப் பாக்கட்டும்."

ஏப்ரல் பாதியில் ஒரு நாள் காலை சுரேகா அலுவலகத்துக்குள் நுழையும்போதே எல்லோரும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஷங்கரின் மனைவி அகல்யாவுக்கு முந்தைய இரவு வலிப்பு வந்துவிட்டது. ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்திருந்தார்கள். பெண் குழந்தை. உள்ளங்கை இரண்டையும் சேர்த்தால் அதற்குள் அடங்கிவிடும் அளவு என்று ஷங்கரின் அக்கா சொன்னாளாம். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள்.

தனபாலன் தன் கையாலேயே டிக்கெட் போட்டுக் கொடுத்தார். அன்று நேரடி விமானத்தில் இடமில்லை. சென்னையில் இறங்கி அடுத்த விமானத்துக்குக் காத்திருக்க வேண்டும். புனிதா கடையை மூடிவிட்டு, சாப்பாட்டைப் புங்குஸ் பொட்டலமாகக் கட்டி எடுத்துக்கொண்டு தொழிற்சாலை வாசலுக்கே வந்துவிட்டார். தொழிற்சாலையின் கார் கிளம்பும்போது ஷங்கர் போனில் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நர்ஸ் யாரோ கண்ணாடிப் பக்கம் போனைப் பிடித்திருக்க வேண்டும். "கை ஆட்டுதுங்க மேடம், பாருங்க" என்று சுரேகாவிடம் திருப்பிக் காட்டினான். திரையில் நீலமாக ஏதோ ஒளி தெரிந்ததே தவிர அவளுக்கு எதுவும் பிடிபடவில்லை. "ஆமா, ஆட்டுது" என்றாள்.

அவன் சென்னையில் காத்திருந்தபோது குழந்தை போய்விட்டது. கோயம்புத்தூர் போய்ச் சேர்ந்தபோது அடக்கமும் முடிந்திருந்தது. பிஞ்சுக் குழந்தையை வைத்துக்கொண்டிருக்கக் கூடாது என்று பெரியவர்கள் அவசரப்பட்டுவிட்டார்கள். மண் மேட்டைத்தான் அவன் பார்த்தான். அகல்யா தீவிர சிகிச்சைப் பிரிவில் கண் திறக்காமல் கிடந்தாள். அவளும் குழந்தையைப் பார்க்கவில்லை.

மே மாதக் கடைசியில் ஷங்கர் திரும்பி வந்தான். பாதியில் நின்ற வேலையை முடிக்க அவனைவிட்டால் ஆளில்லை. ஒழுங்காக வந்தான், போனான், கேட்டதற்குப் பதில் சொன்னான். பேச்சுக்கு முன்னால் வரும் அந்தச் சிரிப்பு மட்டும் இல்லை.

அந்த வாரத்தில்தான் நான்காவது லைனிலும் அதே பழுது தெரிந்தது. இந்த முறை முன்கூட்டியே எழுதிவைத்துவிடலாம் என்று சுரேகா சட்டத்தின் முழுப் பிரதியையே திறந்தாள். பதின்மூன்றாம் பிரிவு, மூன்றாம் உட்பிரிவு. அட்டவணையில் இருந்த விதி அப்படியே இருந்தது. அதன் கீழேயே இரண்டு விலக்குகள் இருந்தன. பழுது பார்ப்பதற்காக மட்டும் தற்காலிகமாக இந்தியாவுக்குக் கொண்டுவந்து, அங்கே வேறெதற்கும் பயன்படுத்தாமல் திருப்பி அனுப்பும் பொருட்களுக்கு இந்த விதி பொருந்தாது என்றது இரண்டாவது விலக்கு. பொருந்தாது என்றால் பொது விதிதான்: வாங்குபவர் இருக்கும் இடம். மலாக்கா. ஷாஃப்ட் கோயம்புத்தூருக்குப் போய்வந்திருந்தாலும் வரி விழுந்திருக்காது.

சுரேகா விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அட்டவணை போட்டவர்கள் இடம் போதாமல் அதை விட்டிருக்கலாம். சட்டம் அவள் கணினியிலேயே இருந்தது. திறந்து பார்க்க ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. அவன் தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்ததை எதிரிலிருந்து பார்த்தவளும் அவள்தான்.

தனபாலனிடம் போய்ச் சொன்னாள். அவர் கதவைச் சாத்தினார்.

"நீ வேணும்னு செய்யல. நானும் சாயங்காலத்துக்குள்ள வேணும்னு உன்ன அவசரப்படுத்துனேன். இனிமே சரியா எழுது. அவன்கிட்ட போய்ச் சொல்லாத லா. சொல்லி யாருக்கு என்ன கிடைக்கப் போவுது?"

"அவருக்குத் தெரிய வேண்டாமா பாஸ்?"

"தெரிஞ்சா தூங்குவானா?" என்றார் அவர்.

இரண்டு நாள் சுரேகாவும் தூங்கவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் கிளேபாங்கில் காரை நிறுத்தினாள். ஷங்கர் கடைக்குப் பின்னால், கடலைப் பார்த்துப் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். அவள் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, சுற்றி வளைக்காமல் சொன்னாள். சட்டத்தில் வழி இருந்தது, தான் சரியாகப் படிக்கவில்லை, அவன் போயிருக்கலாம்.

அவன் கடலிலிருந்து பார்வையைத் திருப்பவில்லை.

"போயிருக்கலாமுங்களா?"

"போயிருக்கலாம்."

"நான் போயிருந்தாலும் கொழந்த பொழச்சிருக்காதுங்க. டாக்டர் சொன்னாரு." இரண்டு உள்ளங்கைகளையும் மடியில் சேர்த்து வைத்தான். "ஆனா ஒரு தடவ கையில வாங்கியிருப்பேன்."

மன்னிப்புக் கேட்க நினைத்து வந்த சுரேகா, அந்த வார்த்தையே அற்பமாகத் தோன்றி அப்படியே உட்கார்ந்திருந்தாள். அலை அடித்துக்கொண்டிருந்தது. கடையில் புனிதா யாருக்கோ மலாயில் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஷங்கர் அவள் பக்கம் திரும்பினான். கோபப்படுவான் என்று அவள் எதிர்பார்த்தாள். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மேடம், இத அகல்யாகிட்ட சொல்லிராதீங்க. ஊர்ல எல்லாரும் என்னைத்தான் பேசறாங்க. பொண்டாட்டி அப்படிக் கெடக்கறப்ப, காசுக்காக வெளிநாட்டுல உக்காந்திருந்தான்னு. அவ ஒருத்திதான், இல்ல, சட்டம் விடலைன்னு சொல்லிட்டு இருக்கா. அத நம்பித்தான் என்கூட நாலு வார்த்த பேசறா. அது அப்படியே இருக்கட்டுங்க."

சுரேகா சரியென்று தலையை அசைத்தாள்.

ஆனால் அகல்யாவே ஒரு நாள் கேட்டுவிட்டாள். கியர்பாக்ஸ் ஓடத் தொடங்கி, ஷங்கர் ஊருக்குக் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு, வேலை முடிந்த சான்றிதழில் கையெழுத்து வாங்கக் கணக்குப் பிரிவுக்கு வந்திருந்தான். அப்போது அவன் போன் அடித்தது. எடுத்துப் பேசினான். பிறகு முகம் மாறி, போனைச் சுரேகாவிடம் நீட்டினான். "உங்ககிட்டப் பேசணுமாம்."

திரையில் சுருண்ட முடியும் வெளிறிய முகமுமாக ஓர் இளம்பெண். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"வணக்கமுங்க மேடம். ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறனுங்க. நெசமாலுமே அப்படி ஒரு சட்டம் இருக்குதுங்களா? போகணும்னு நெனச்சா யாரால தடுக்க முடியும்னு எங்க அக்கா கேக்கறா. எனக்குப் பதில் சொல்லத் தெரியலைங்க."

ஷங்கர் சான்றிதழைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் விரல் தாளின் ஓரத்தை மடித்து மடித்து விரித்தது.

"இருக்கும்மா" என்றாள் சுரேகா. "பதின்மூணாவது பிரிவு. வேலை எங்க நடக்குதோ அதுதான் இடம்னு இருக்கு. அதப் பாத்து, அனுப்ப முடியாதுன்னு எழுதினது நான். உன் வீட்டுக்காரர் என்கிட்ட ரெண்டு தடவ வந்து கேட்டார். உன்கூட இருக்கணும்னு கேட்டார்."

சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதன் கீழே இருந்த விலக்கை மட்டும் அவள் சொல்லவில்லை.

"ரெண்டு தடவ கேட்டாருங்களா?" என்றாள் அகல்யா. அவள் முகம் மெல்லக் கோணி, கண் நிறைந்தது. "போதுங்க மேடம். எனக்கு அது போதும்." போன் அணைந்தது.

சுரேகா சான்றிதழில் கையெழுத்துப் போட்டாள். ஷங்கர் அதை வாங்கி உறைக்குள் வைத்துக்கொண்டான். அவளிடம் நன்றியும் சொல்லவில்லை, குற்றமும் சொல்லவில்லை. "வர்றனுங்க" என்றான், எல்லோரிடமும் சொல்வதுபோல.

ஜூலையில் நான்காவது லைனின் ஷாஃப்டைப் பெட்டியில் அடைத்துக் கோயம்புத்தூருக்கு அனுப்பினார்கள். எந்த விலக்கின்படி அனுப்பலாம் என்று சுரேகா முழுப் பக்கம் எழுதி, பிரிவின் நகலையும் இணைத்திருந்தாள். இந்திய வரி எதுவும் விழவில்லை. இந்த முறை வந்திருந்தவன் வேறு ஆள்; கம்பெனி புதிதாகப் பழக்கியெடுத்தவன். ஷங்கர் இனி வெளிநாட்டு வேலைக்கு வரமாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டானாம். டைரக்டர் கூட்டத்தில் தனபாலன் சுரேகாவின் பெயரைச் சொல்லிப் பாராட்டினார். அவள் நாற்காலியில் நெளிந்தாள்.

கிளேபாங் வழியாகப் போவதைக் கொஞ்ச நாள் தவிர்த்தாள். பிறகு ஒரு நாள் மழையில் சாலை அடைபட்டு, புனிதாவின் கடைக்கு நேராகவே கார் நின்றது. இறங்கிப் போனாள்.

"எங்க லா ஆளையே காணோம்? உக்காரு, தோசை ஊத்துறேன்."

"வேணாம்கா. ஷங்கர் போன் பண்றாரா?"

"எப்பவாச்சும் பண்ணுவான். அந்தப் புள்ள அகல்யா இப்ப எந்திரிச்சு நடக்குதாம். வேலைக்குக்கூடப் போவுதாம்." புனிதா கல்லைத் துடைத்தார். "இவன்தான் சரியா பேச மாட்டேங்குறான். நீ ஒரு தடவ பேசிப் பாரேன். ஆபீஸ்ல நல்லாப் பழகுன ஆளு நீதான."

சுரேகா சரி என்றாள். காரில் ஏறி உட்கார்ந்து, போனில் அவன் பெயரை எடுத்து வைத்துக்கொண்டு, மழை விடும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.