எட்டு மாட்டுக் குளம்

"எட்டு மாடா, நீச்சல் குளமா? நீயே சொல்லிடு, வாமே" என்று என்னைக் கேட்டான் டீரோ.

"மாட்ட வெச்சு நான் என்ன பண்றது? பால் கறக்கவா?"

"மாடு உனக்கில்ல. உன் தாய்மாமனுக்குப் போற பரிசம். அப்பா சாகறதுக்கு முன்னாடியே பட்டியில தனியா ஒதுக்கி வெச்சிட்டுப் போனது."

"நான் என்ன சந்தைச் சரக்கா, மாட்டக் குடுத்து வாங்கிட்டுப் போக? குளம் வெட்டு. அக்டோபர் வெயில்ல எந்த மாடு உன்னைக் குளிர வைக்கும்?"

"அம்மா கேட்டா?"

"அவங்களையும் எறங்கி நனையச் சொல்லு."

தலைநகர் கபரோனியில் மாவட்ட ஆணையர் அலுவலகத்தின் வெளிப்படியில் உட்கார்ந்து, கல்யாணப் பதிவேட்டில் கையெழுத்திட்ட மை காயாத விரல்களால் பொரித்த மாவுருண்டை தின்றுகொண்டே பேசியது இது. இரண்டு பேரும் சிரித்தோம். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. மருத்துவமனைப் பரிசோதனைக் கூடத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தேன். உலகத்தில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று நம்பிய வயது. அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

டீரோ எட்டு மாடுகளையும் விற்றான். வீட்டுக்குப் பின்னால் நீல ஓடு பதித்த குளம் வந்தது.

அதன் விலை என்னவென்று, அவன் குடும்பத்தில் நடந்த முதல் கல்யாணத்திலேயே தெரிந்துகொண்டேன். கல்யாணமான பெண்கள் எல்லாரும் கட்டம் போட்ட சின்னக் கம்பளியைத் தோளைச் சுற்றிப் போர்த்தி, நெஞ்சில் ஊக்குக் குத்திக்கொண்டு, வரிசையாக முற்றத்துக்குள் நுழைவார்கள். பரிசம் கொடுத்துக் கொண்டுவந்த மருமகள்தான் அதைப் போர்த்தலாம். விலை உயர்ந்த கவுனும் குதிகால் செருப்புமாக நான் பின்கட்டில் கல்யாணமாகாத பெண்களோடு முட்டைக்கோஸ் நறுக்கினேன். பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி, "அக்கா, நீங்க எப்பக் கட்டிக்கப் போறீங்க?" என்று கேட்டாள். கேலிக்குக் கேட்கவில்லை. அதுதான் இன்னும் வலித்தது.

மாமியார் ஒரு வார்த்தை திட்டியதில்லை. தன் ஊரான கான்யேயிலிருந்து வரும்போதெல்லாம் குளத்தங்கரையில் நின்று, "மாடுங்க எல்லாம் சௌக்கியமா?" என்று மட்டும் கேட்பார்.

மகன் பாக்கோ பிறந்த பிறகு எனக்கு அது வேண்டியிருந்தது. கம்பளி மட்டுமில்லை. யாராவது என் மாமா வீட்டு வாசலில் வந்து நின்று, முறையாக என்னைக் கேட்க வேண்டும் என்று இருந்தது. ஒரே ஒரு வாக்கியம். டீரோவிடமோ அத்தையிடமோ சொல்லியிருக்கலாம். ஆனால் சந்தைச் சரக்கு என்று சொன்ன அதே வாயால் எப்படிக் கேட்பது? ஆறு வருஷம் அந்த வாக்கியம் தொண்டையிலேயே கிடந்தது.

அதற்குப் பதிலாகக் குளத்தைப் பார்த்துக்கொண்டேன். விடியற்காலையில் நீளக் கம்பில் கட்டிய வலையால் இலைகளையும், இரவில் விழுந்து செத்த வண்டுகளையும் அள்ளுவேன். கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்து இரண்டு சொட்டு மருந்து விட்டு, மஞ்சள் எத்தனை அடர்த்தி என்று பார்ப்பேன். வெயில் தாழ்ந்த பிறகுதான் குளோரின் போடுவேன். பகலில் போட்டால் வெயில் தின்றுவிடும். வடிகட்டியைக் கழுவிய தண்ணீர்கூட எலுமிச்சை மரத்துக்குத்தான் போகும். அக்கம்பக்கத்துக் குளங்களெல்லாம் பாசி பிடித்துப் பச்சையானபோதும் எங்கள் குளத்தின் அடியில் பதித்த ஓடுகளை எண்ணலாம்.

எனக்கு நீச்சல் தெரியாது. மூன்றாவது படி வரை இறங்குவேன். தண்ணீர் இடுப்பைத் தொட்டதும் ஏறிவிடுவேன். வீட்டில் எல்லாருக்கும் இது பழைய வேடிக்கை.

எங்கள் வீட்டு வேலைக்கு வந்த மைப்பேலோவுக்கு நீச்சல் தெரியும் என்பது எனக்கே தற்செயலாகத்தான் தெரிந்தது. என்னைவிட ஆறேழு வயது மூத்தவள், வடக்கே ஆற்றோரத்துக்காரி. போன வருஷம் ஒருநாள் மதியம் சீக்கிரம் வீடு திரும்பினேன். அவள் குளத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் சத்தமே இல்லாமல் போய் வந்துகொண்டிருந்தாள். என் குளம் அவளுக்கு இத்தனை சுலபமாக வழிவிடுவதைப் பார்த்ததும் எனக்கு என்னவோ ஆகிவிட்டது.

"ஒடம்புல எண்ணெயோட எறங்கினா தண்ணி கெட்டுடும்னு தெரியாதா? இன்னொரு தடவை பாத்தேன், வேற எடத்துல வேலை தேடிக்கலாம்."

"சரிங்க பாக்கோம்மா."

தண்ணீர் ஒன்றும் கெடவில்லை. எனக்குப் பொறாமை. அதை எண்ணெய் மேல் போட்டுவிட்டேன்.

இந்த வருஷம் மழை பொய்த்தது. அணை வற்றியது, ரப்பர் குழாயில் தண்ணீர் விடக் கூடாது என்று தடை வந்தது. வெயில் குளத்தைத் தினம் ஒரு விரற்கடை குடித்தது. மறுபடி நிரப்ப வழியில்லாததால் மிதக்கும் நீல விரிப்பு ஒன்று வாங்கிப் போட்டோம். குமிழ் குமிழாக, கரையிலிருந்து கரை வரை, சுருக்கமே இல்லாமல் மிதக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ புதிதாகத் தரை போட்ட மாதிரி இருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கான்யேயிலிருந்து அத்தையும், டீரோவின் தங்கை மோசாவும், அவளுடைய மூன்று வயது மகள் பகாங்கும் வந்திருந்தார்கள். டீரோ முன்பக்கம் அடுப்பு மூட்டி இறைச்சி வேகவைத்துக்கொண்டிருந்தான். நான் பம்புக்கும் குளத்துக்குமாக நடந்துகொண்டிருந்ததால் குளத்து வேலியின் கதவைத் தாழிடவில்லை. ஆமாம், நான்தான் தாழிடவில்லை.

திரும்பியபோது பகாங் விரிப்பின் மேல் நின்றாள். சிரித்துக்கொண்டு இன்னும் ஓரடி வைத்தாள். விரிப்பு அவளை உள்ளே வாங்கி, மேலே மூடிக்கொண்டது.

நான் வலைக்கம்பைப் பிடித்தபடி கரையில் நின்றேன். குதி என்று எனக்குள் ஏதோ கத்தியது. கால் நகரவில்லை. அதை வேறு எப்படிச் சொன்னாலும் பொய்யாகிவிடும். கால் நகரவில்லை.

துணி உலர்த்திக்கொண்டிருந்த மைப்பேலோ என்னைத் தாண்டி ஓடிக் குதித்தாள். விரிப்பு ஒரு இடத்தில் புடைத்தது. பிறகு படிப்பக்கமாகக் கிழித்துக்கொண்டு அவள் தலை வெளியே வந்தது. அதற்குள் நான் மூன்றாவது படிக்கு இறங்கியிருந்தேன். பிள்ளையை என் கையில் கொடுத்தாள். கவிழ்த்து முதுகில் தட்டினேன். தண்ணீரைக் கக்கி, இருமி, வீறிட்டு அழுதாள்.

"உசிரு இருக்கு. பயப்படாதீங்க" என்றாள் மைப்பேலோ. பிறகு தன் உடம்பில் சொட்டும் தண்ணீரைப் பார்த்துத் திடுக்கிட்டவள் போல, தோட்டத்து மூலையிலிருந்த தன் அறைக்கு ஓடினாள்.

அழுகை கேட்டு எல்லாரும் வந்தபோது குளத்திலிருந்து நனைந்த உடையோடு பிள்ளையை ஏந்தி ஏறிக்கொண்டிருந்தவள் நான்.

"நீச்சல் தெரியாதவ!" அத்தை என் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். "நீச்சலே தெரியாதவ எறங்கியிருக்காடா டீரோ!"

முதல் நிமிஷம் எனக்குப் பேச்சே வரவில்லை, அதை மன்னிக்கலாம். இரண்டாவது நிமிஷம் வந்தது. அப்போதும் பேசவில்லை.

டாக்டர் பார்த்து, ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பிய பிறகு அத்தை என்னைத் தனியே அழைத்தார்.

"அடுத்த மாசம் எங்கண்ணன் பேரன் கல்யாணம். நீ கம்பளி போத்திக்கிட்டு எனக்குப் பக்கத்துல வருவ. மாடு கெடக்குது விடு. என் பேத்தி உசிரு எட்டு மாட்டுக்கு மேல. பரிசம் குடுத்தாச்சுன்னு நான் சொல்றேன், எவ கேக்கறான்னு பாப்போம்."

நான் தலையை ஆட்டினேன். மறுக்கத்தான் ஆட்டினேன் என்று எத்தனையோ முறை எனக்கே சொல்லிப் பார்த்தேன். இல்லை.

டீரோ அலுவலகம் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தான். பாக்கோ பள்ளியில் என்னைப் படம் வரைந்தான்: நீலத்துக்கு நடுவில், கைகளை விரித்துக்கொண்டு ஒரு பெரிய அம்மா. அதைக் குளிர்பெட்டியின் கதவில் ஒட்டினான். பால் எடுக்கப் போகும்போதெல்லாம் வேறு பக்கம் பார்த்தபடியே கதவைத் திறந்தேன்.

பத்து நாள் கழித்து, கிழிந்த விரிப்பை ஒட்டுப்போட மைப்பேலோ மறுமுனையைப் பிடித்திருந்தாள்.

"நீ ஏன் ஒண்ணுமே சொல்லல?" என்று கேட்டேன்.

"குளத்துல எறங்கினா வேலை போயிடும்னீங்களே."

"கொழந்தையக் காப்பாத்த எறங்கறது வேற இல்லையா?"

"அதையும் சேத்துச் சொல்லி வெச்சிருக்கணும் பாக்கோம்மா. ஓடி வர்றப்ப எனக்கு யோசிக்க நேரமில்ல." சிரித்தாள். பிறகு விரிப்பைப் பார்த்துக்கொண்டே, "அதோட, அந்தக் கம்பளி மேல உங்களுக்கு எவ்வளவு ஆசைன்னு எனக்குத் தெரியும்."

"உனக்கெப்படித் தெரியும்?"

"கொடியில காஞ்ச என் கம்பளிய எடுத்துக் கண்ணாடி முன்னாடி போத்திப் பாத்தீங்க. போன குளிர்காலத்துல. மடிச்சு வெக்கறப்ப தப்பா மடிச்சிட்டீங்க. போத்திப் பழக்கமில்லாத கை."

மைப்பேலோவின் புருஷன் கொத்து வேலைக்காரன். பத்து வருஷம் காத்திருந்து, ஒவ்வொரு மாடாகச் சேர்த்து, அவளுக்கான பரிசத்தைக் கொடுத்து முடித்தவன். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அவளோ ஒட்டுப்போட்ட இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, "இனிமே தாங்கும்" என்றாள்.

அடுத்த சனிக்கிழமை அத்தையும் மோசாவும் வந்தார்கள். எலுமிச்சை நிழலில் நாற்காலி போட்டு, இஞ்சி பானம் குடித்து முடித்ததும், அத்தை துணிப்பையிலிருந்து கம்பளியை எடுத்தார். புதுசு. மடிப்புக் கலையாதது. டீரோ என் பக்கத்தில் வந்து நின்றான். அவன் கண் கலங்கியிருந்தது.

"கிட்ட வா" என்றார் அத்தை.

போனேன். கம்பளி தோளைத் தொட்டது. அத்தை ஊக்கை வாயில் கடித்துக்கொண்டு முனைகளைச் சேர்த்தார்.

"அத்தை, நான் குதிக்கல."

"என்னது?"

"நான் கரையிலயே நின்னேன். பகாங்கைத் தூக்கினது மைப்பேலோ. நான் கையில வாங்கினேன், அவ்வளவுதான். வேலிக்கதவத் தாழ் போடாம விட்டதும் நான்தான்."

அத்தை வாயிலிருந்து ஊக்கை எடுத்தார். டீரோவைப் பார்த்தார். அவன் என்னைப் பார்க்கவில்லை, தண்ணீரைப் பார்த்தான்.

"மைப்பேலோ!" என்று மோசா கூப்பிட்ட சத்தத்தில் அவள் மாவு பிசைந்த கையோடு வந்து நின்றாள்.

"எம் புள்ளையத் தூக்கினது நீயா?"

மைப்பேலோ என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன்.

"ஆமாங்க. ஆத்தங்கரையில பொறந்தவ. பழக்கம்."

மோசா மாவுக் கைகளையே பிடித்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டு அழுதாள். அத்தை எழுந்து, மைப்பேலோவின் முன்னால் இரண்டு கைகளையும் சேர்த்துத் தட்டி, பெரியவர்களுக்குச் சொல்வது போலக் குனிந்து நன்றி சொன்னார்.

"உங்க ஊருக்கு நானே வர்றேன் தாயி. உன் வீட்டாளுங்ககிட்ட சொல்ல வேண்டியத அங்க வந்து சொல்லணும்."

மோசா அவளை உள்ளே அழைத்துப் போனாள். டீரோ அடுப்பைப் பார்க்கிற சாக்கில் நகரப் போனான். பிறகு போகாமல் நின்றான்.

"பதிமூணு நாளு" என்றான் மெதுவாக. "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம் வாமே."

"ஆமா."

"நான் எத்தனை பேருகிட்ட..."

"உனக்கென்ன, ஆபீசுல நாலு பேரு" என்றார் அத்தை. "நான் கான்யேயில வீடு வீடாப் போய்ச் சொல்லியிருக்கேன். இப்பத் திரும்ப வீடு வீடாப் போவணும். இந்த முட்டிய வெச்சுக்கிட்டு."

என் தோளிலிருந்து கம்பளியை எடுத்தார். கோபமாக உருவவில்லை, அதற்குரிய மடிப்பில், ஓரத்துக்கு ஓரம் வைத்து, நிதானமாக மடித்தார். நாற்காலியில் உட்கார்ந்து பைக்குள் வைத்தார். தோள் திடீரென்று வெயிலில் சுட்டது.

"வேற ஏதாவது மறைச்சு வெச்சிருக்கியா?" என்று கேட்டார். "இருந்தா இப்பவே சொல்லிடு. தெனம் ஒண்ணு கேக்க எனக்குத் தெம்பில்ல."

கேட்பதற்கு இதைவிடக் கெட்ட நாள் இருந்திருக்க முடியாது. பொய் வெளிப்பட்டு இன்னும் கால்மணி நேரம்கூட ஆகவில்லை. டீரோ முகம் திருப்பி நிற்கிறான். பம்பு ஒரே சீராக இரைந்துகொண்டிருக்கிறது. அத்தை பையின் கைப்பிடியைப் பிடித்தபடி, எழலாமா என்று காத்திருக்கிறார். நான் அவருக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தேன். கண்ணைப் பார்க்க முடியவில்லை. அவருடைய செருப்பைப் பார்த்தேன்.

"மறைச்சு வெச்சது ஒண்ணு இருக்கு அத்தை. ரொம்ப வருஷமா. ஒரு மாடுன்னாலும் சரி, எப்ப முடியுமோ அப்ப... எங்க மாமா வீட்டுக்கு ஆள் அனுப்பி, என்னை முறையாக் கேளுங்க."